தலைகீழ் முறுக்காணி

“இந்த வேலையைப் பண்ணவனைக் கட்டி வெச்சு உதைக்கணும்க்கா” என்றான் பிஸ்கா. “கூலி வேண்டாம், நானே வந்து உதைக்கறேன்.”

அவன் வீட்டு முற்றத்தில், பாயின் மேல் ஒரு கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் கிடந்தது. கம்பி ஒன்றுகூட இல்லை.

எங்கள் சஹாரா பாலைவனத்துத் தாமன்ராசெட்டில் கிட்டார் உடைந்தால் பிஸ்காவின் வீட்டுக்குத்தான் வரவேண்டும். பரம்பரைக் கொல்லன். ஒட்டகச் சேணத்துக்கு ஆணி அடிக்கிற அதே சுத்தியலும் அரமும்தான் கிட்டாருக்கும். எங்கள் ஊரில் கொல்லன் யாரையும் எதையும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். அந்த உரிமையை பிஸ்கா ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

அவன் அக்கா என்று கூப்பிடும் கெல்லாவுக்கு வேறு பிழைப்பு. ஒட்டகம் காணாமல் போனாலும் வண்டி களவு போனாலும் ஊர் அவளிடம் வரும். ஜந்தார்ம் என்கிற போலீஸ்காரர்களே வெட்கத்தை விட்டு ஆள் அனுப்புவார்கள். பிஸ்கா அவளுக்கு உதவியாள். சம்பளம் எதுவும் இல்லை, வாயாட ஓர் ஆள் கிடைக்கிறாள் அல்லவா, அது போதும் அவனுக்கு.

“காலங்காத்தால கூப்பிட்டு விட்டது இதைக் காட்டவா?” என்றாள் கெல்லா.

“குதிரையைப் பாரு மொதல்ல.”

கம்பிகள் ஏறி உட்காரும் உலோகக் குதிரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதைத் தாங்கும் இரண்டு ஆணிகளில் ஒன்று மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் யாரோ ரப்பர் குழாய்த் துண்டைத் திணித்துப் பசை ஊற்றியிருந்தார்கள்.

“வண்டி எஞ்சினுக்குத் தண்ணி போற குழாய். அதை வெட்டிச் சொருகியிருக்கான் மகராசன். கம்பி இழுத்தா ரப்பர் நிக்குமா? கொஞ்ச நாள் தாங்கியிருக்கும், அப்புறம் ஒரே பிடுங்கா பிடுங்கிட்டுது. வீட்டுக்குள்ளயே கதவைச் சாத்திட்டுப் பண்ணின வைத்தியம்.”

“ஊர்ல பாதிப் பேர்கிட்ட வண்டி இருக்கு பிஸ்கா.”

“அதுக்காக உன்னைக் கூப்பிடலை. முறுக்காணியை ஒவ்வொண்ணா திருப்பு.”

கழுத்தின் உச்சியில், ஒரே வரிசையில், கம்பியை முறுக்கி இறுக்கும் ஆறு முறுக்காணிகள். முதலாவதை முன்னால் தள்ளினாள். தண்டு ஒரு பக்கமாகச் சுழன்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தள்ளினாள். தண்டு எதிர்ப்பக்கம் சுழன்றது.

கெல்லாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் தம்பி இப்படித்தான் அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் பயணம். மூன்றாவது முறுக்காணியின் பல் உடைந்துவிட்டது. பழைய மரக் கிட்டாரில் இருந்து ஒன்றைக் கழற்றி, அவளுடைய காய் வெட்டும் கத்தியையே திருப்புளியாக்கி மாட்டினான். அது எதிர்வரிசை முறுக்காணி, மாட்டினால் தலைகீழாகத்தான் திரும்பும் என்று பிஸ்கா தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். கை பழகிக்கும் விடுடா என்று சிரித்தான் தம்பி. கத்தியின் முனை மழுங்கிப்போனதுதான் மிச்சம், அவள் திட்டிக்கொண்டே அவனுக்குச் சோறு போட்டாள்.

“அவன் கிட்டார் சிவப்பு” என்றாள்.

பிஸ்கா முறுக்காணியின் இரண்டு திருகுகளைக் கழற்றித் தூக்கிக் காட்டினான். மேலே பூசிய கறுப்பு எட்டாத தகட்டுக்கு அடியில், விரல் நுனி அளவுக்குச் சிவப்பு.

இறந்தவன் பெயரை எங்கள் ஆட்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அதனால் கெல்லா பெயர் சொல்லவில்லை. ஆனால் பயணம் போன பத்தாம் நாள் அவனைப் பிணமாகக் கொண்டுவந்து இறக்கியபோது பார்த்த உதடுகள் அவளுக்கு நினைவு வந்தன. தாகத்தில் தோல் வெடித்து, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன உதடுகள். அன்றைக்கு அவள் அழவில்லை. இதைச் செய்தவனை இதே ஊரில், இத்தனை பேர் பார்க்க, குனியவைக்காமல் சாக மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

“யார் கொண்டாந்தது?”

“சொன்னா நீ ஆடுவே.”

“பிஸ்கா.”

“கூமூர். சாயங்காலம் தஹாத் வீட்டுக் கல்யாணத்துல வாசிக்கணுமாம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுன்னு விட்டுட்டுப் போனான்.”

கெல்லா எழுந்துவிட்டாள். கூமூர்தான் தம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தவன். எல்லைப் பக்கம் வாசிக்கப் போன வழியில் இரண்டு பேருக்கும் சண்டை. பாதிவழிக் கிணற்றில் இறக்கிவிட்டேன், இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்று அவன் குர்ஆன்மேல் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. எல்லைப் பக்கம் வண்டி ஓட்டுகிற அத்தாஹிர், வழியில் கிடந்ததென்று உடலைத் தன் பிக்கப்பில் கொண்டுவந்தபோது கேனும் இல்லை, கிட்டாரும் இல்லை. அன்றிலிருந்து கூமூருக்கு ஊரில் சலாம் சொல்கிறவர்களே குறைந்துபோனார்கள்.

“உக்காருக்கா. ரெண்டு வருஷம் பொறுத்தவ, ஒரு டீ நேரம் பொறுக்கமாட்டியா? திருடினவன் என்கிட்டயே கொண்டாருவானா? இந்த முறுக்காணியோட ஜாதகம் தெரிஞ்ச ஒரே கொல்லன் நான்தானே.”

“இது உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. முந்தின நாள் மாட்டினது. அவன் பாத்திருக்கவே மாட்டான்.”

“அப்ப ரப்பர் வைத்தியம் பண்ணவன் யாரு? அவன் ஊர்ல இருக்கற ஒரே கொல்லன்கிட்ட வராம, விரலைக் கிழிச்சுக்கிட்டு வீட்டுலயே மல்லுக்கட்டியிருக்கான். அவனுக்குப் பயம். கூமூரு பயமில்லாம கதவைத் தட்டறான்.”

கெல்லா உட்கார்ந்தாள். மூன்றாவது முறுக்காணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “இதை மாத்திடு” என்றாள்.

“எதுக்கு? இதுதானே சாட்சி?”

“இது ஊமைச் சாட்சி. நேர் முறுக்காணி ஒண்ணு போடு. ஆறும் ஒரே பக்கம் திரும்பணும். ரெண்டு வருஷம் இதை வெச்சிருந்தவன் கை மூணாவதை மட்டும் பின்னால இழுத்துப் பழகியிருக்கும். மூளை பொய் சொல்லும். கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

பிஸ்கா அவளை ஏற இறங்கப் பார்த்தான். “உன்னைக் கட்டிக்கிட்டவன் ஏன் விட்டுட்டு ஓடினான்னு இப்பத்தான் புரியுது.”

“ஓடலை. நான்தான் வெரட்டினேன். வேலையைப் பாரு.”

அவன் ரப்பரைச் சுரண்டி எடுத்தான். கருவேல மரத்தில் ஒரு முளை செதுக்கி, பசை தொட்டு, ஓட்டைக்குள் அடித்து இறக்கினான். காய்ச்சின ஊசியால் நடுவில் துளையிட்டு ஆணியைத் திருகினான். குதிரை அசையாமல் உட்கார்ந்தது. பெட்டியைக் கிளறி ஒரு நேர் முறுக்காணியைத் தேடிப் பொருத்தி, புதுக் கம்பி கட்டினான். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. கழற்றிய முறுக்காணியை கெல்லா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தஹாத்தின் கூடாரம் ஊருக்கு வெளியே. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஜனம் சேர்ந்துவிட்டது. பெண்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், உரலில் தோல் கட்டிய தெண்டே மத்தளத்தை மணப்பெண்ணின் தாய் தஹாத்தே மடிக்கு முன்னால் வைத்திருந்தாள். எதிரே ஆண்கள், கண் மட்டும் தெரிகிற தலைப்பாகைகளோடு வரிசையாக. வரிசையின் தலைமாட்டில், தோல் திண்டில் சாய்ந்து, தஹாத்தின் அண்ணன் அத்தாஹிர். மணப்பெண்ணின் தாய்மாமன். எங்கள் கல்யாணத்தில் தகப்பனை விடத் தாய்மாமனுக்குத்தான் மரியாதை.

“வா தங்கச்சி” என்றான் அத்தாஹிர். உடலைக் கொண்டுவந்த நாளிலிருந்து அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். பயணம் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் சர்க்கரையும் தேயிலையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். “அந்தக் கூமூரை வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க பாத்தியா. தஹாத்துக்கு நான் எவ்வளவோ சொன்னேன். அவன் பக்கத்துல உக்காராதே.”

“நான் அவனைப் பாக்கத்தான் வந்தேன் அண்ணே.”

கிட்டாரை அவளே கொண்டுபோய் கூமூரின் மடியில் வைத்தாள். மூன்றாவது கம்பியை பிஸ்கா வேண்டுமென்றே தளர்த்தியிருந்தான். கெல்லா அவன் விரலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. திருப்பு, திருப்பு, உன்னை இங்கேயே முடிக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கூமூர் கம்பியைத் தட்டினான், முகம் சுளித்தான், முறுக்காணியை முன்னால் தள்ளினான். கம்பி ஏறிச் சரியாக நின்றது. ஒரே தடவை.

கெல்லா அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“எங்க வாங்கினே?”

“நேத்து சந்தையில. ரெண்டு வெள்ளாடு குடுத்தேன். கம்பி இல்ல, குதிரை பிடுங்கிக்கிட்டு இருந்துது.” அவன் தலையைத் தூக்கவில்லை. “என்கிட்ட நீ பேசி ரெண்டு வருஷமாச்சு. இதைக் கேக்கத்தானா?”

“வித்தது யாரு?”

“தலைப்பாகை கட்டின ஆளு. கண்ணு மட்டும் தெரிஞ்சுது.”

“பிரமாதம்” என்றான் பிஸ்கா. “இனிமே ஊர்ல தலைப்பாகை கட்டினவனை மட்டும் தேடினாப் போதும். ஒரு நாலாயிரம் பேர்தான்.”

கூமூர் கிட்டாரைப் பிஸ்காவிடம் விட்டுவிட்டு வாத்தியக்காரர்களைக் கூட்டிவர எழுந்து போனான். கெல்லா அவன் முதுகையே பார்த்தாள். இரண்டு வருடமாக இவனைத்தானே கரித்துக்கொட்டினேன் என்ற நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தின் மேலேயே கோபமும் ஏறியது, ஏனென்றால் பிஸ்காவுக்குப் பயந்து ரப்பர் திணித்தவன், சந்தையில் விற்றவன், இந்த ஊர்க்காரன்தான். ஊரே இந்தக் கூடாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அவள் குனிந்து பிஸ்காவின் காதில், “மூணாவதைத் திரும்ப இறக்கு. நாலாவதையும் கொஞ்சம் இறக்கு” என்றாள்.

“நாலாவது எதுக்கு?”

“சொன்னதைச் செய்.”

அத்தாஹிர் எழுந்துகொண்டிருந்தான். “வண்டியில ஒரு வேலை கெடக்கு, நான் கெளம்பறேன்.”

“உக்காருங்க மாமா” என்றான் பிஸ்கா டீ ஜாடியைத் தூக்கிக்கொண்டு. “ரெண்டாவது டம்ளர்தான் குடிச்சிருக்கீங்க. மூணாவது குடிக்காமப் போனா மருமக கல்யாணத்துல மாமன் கோவிச்சுக்கிட்டாருன்னு பேசுவாங்க. எனக்கென்ன, நானே பேசுவேன்.”

மூன்றாவது டம்ளர் குடிக்காமல் எங்களில் எவனும் எழுந்ததில்லை. அத்தாஹிர் உட்கார்ந்தான். பிஸ்கா அந்த மூன்றாவது ஜாடியை அணைகிற கரியின்மேல் வைத்துவிட்டு, கிட்டாரை எடுத்து மடியில் போட்டு ஒரு மீட்டு மீட்டினான். கேட்ட ஆடெல்லாம் திரும்பிப் பார்த்தது.

“எவ்வளவு இனிமை” என்றாள் ஒரு கிழவி. “கழுதைக்குப் பிரசவ வலி.”

“குறை சொல்றவங்க சரி பண்ணிக் குடுங்க” என்று பிஸ்கா கிட்டாரை ஆண்கள் வரிசையின் கடைக்கோடியில் நீட்டினான். முதல் ஆள் மூன்றாவதை முன்னால் தள்ளிப் பார்த்தான். அடுத்தவனும் முன்னால்தான். ஒவ்வொருவன் கையிலிருந்தும் வாங்கி, “என் காதுக்குப் பத்தலையே” என்று பிஸ்கா இரண்டையும் திரும்பத் தளர்த்தினான். பெண்கள் சிரித்தார்கள். இத்தனை ஆம்பளைங்க இருக்காங்க, ஒரு கம்பியை இழுக்க ஆள் இல்லை என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

கிட்டார் அத்தாஹிரிடம் வந்தது. “இதெல்லாம் வேலையத்தவன் சமாசாரம்” என்றான் அவன். “நான் தொட்டதே கெடையாது.”

“தெரியுமே, உங்க கை ஸ்டீயரிங் புடிச்ச கை” என்று பிஸ்கா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டினான். மீட்டிக்கொண்டே இருந்தான். கெல்லா பார்த்தாள். ஒவ்வொரு மீட்டுக்கும் அத்தாஹிரின் புருவம் சுருங்கியது. பல்லில் மணல் பட்டவன் போல. வரிசையில் வேறு யாருக்கும் அப்படிச் சுருங்கவில்லை.

“அண்ணே, இவன் கைய நிறுத்தேன்” என்று தஹாத் அதட்டினாள். “எம் பொண்ணு கல்யாணமா, ஒப்பாரியா இது?”

“வர்றேன் இரு” என்று தங்கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அத்தாஹிர் கையை நீட்டினான். முறுக்காணிகளைப் பார்க்கக்கூட இல்லை. விரல் தானாகப் போய் நாலாவதைப் பிடித்து முன்னால் தள்ளியது. கம்பி சுத்தமாக ஏறி நின்றது. அடுத்து மூன்றாவதைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. கம்பி தொய்ந்தது. அவன் புரியாமல் இன்னும் பின்னால் இழுத்தான். கம்பி செத்த புழுவாகத் தொங்கியது.

“அட, மாமாவுக்கு வித்தை தெரியுமா?” என்றான் பிஸ்கா மெதுவாக. அவன் குரலில் கேலி இல்லை.

கெல்லா எழுந்து நடுவில் வந்தாள். இவன் கொண்டுவந்த சர்க்கரையை அவள் இரண்டு வருடம் டீயில் போட்டுக் குடித்திருக்கிறாள்.

“மூணாவதை ஏன் பின்னால இழுத்தே அண்ணே?”

“எனக்கென்ன தெரியும். தெரியாதவன் எந்தப் பக்கமாச்சும் திருப்புவான்.”

“தெரியாதவன் ஒரு தடவை தப்பாத் திருப்புவான். கம்பி தொய்ஞ்சதும் மறுபக்கம் திருப்புவான். நீ ரெண்டாந்தடவையும் அதே பக்கம். ஆனா நாலாவதைப் பாக்காமலே சரியாத் திருப்பினே. நாலாவது நேரா, மூணாவது தலைகீழா. இப்படிப் பழக்கிவிடற கிட்டார் உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான். எங்க வீட்டு அடுப்படியில செஞ்சது.” முந்தானை முடிச்சை அவிழ்த்து முறுக்காணியை அவன் முன்னால் போட்டாள். “காலையிலதான் மாத்தினோம். பாவம், உன் கைக்கு அது தெரியாது.”

மத்தளத்தின் மேலிருந்த தஹாத்தின் கை கீழே இறங்கியது. வாத்தியக்காரர்களோடு திரும்பி வந்த கூமூர் கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அத்தாஹிர் தலைப்பாகையைக் கண்ணுக்கு அடிவரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு, “அவனைக் கெணத்துலேர்ந்து நான்தான் ஏத்திக்கிட்டேன்” என்றான். “மணல்ல வண்டி மாட்டிக்கிச்சு. என்கிட்ட இருந்த தண்ணி தீந்துபோச்சு. அவன் கேன்ல இருந்தது ஒருத்தனுக்குத்தான் காணும். வண்டியக் கெளப்பினதும் எடை தாங்காதுன்னு, கேனை வெச்சுக்கிட்டு அவனை எறக்கிவிட்டேன். ஆளைக் கூட்டிட்டுத் திரும்பி வர்றேன்னுதான் சொன்னேன். பயந்துட்டேன் தங்கச்சி. சத்தியமா திரும்பி வரணும்னுதான் போனேன்.”

யாரோ ஒரு பெண் மெல்ல முனகினாள். இரக்கமாகத்தான் முனகினாள், கெல்லாவுக்குக் காதில் விழுந்தது. பாலைவனத்தில் தாகத்துக்குப் பயப்படாதவன் யார்?

“பயந்தே, சரி” என்றாள் கெல்லா. “தண்ணிய எடுத்தே. அதைக்கூட நான் மென்னு முழுங்கியிருப்பேன். கிட்டாரை எதுக்கு எடுத்தே?”

அவன் பார்வை முன்னால் கிடந்த முறுக்காணிக்குப் போனது.

“எடை தாங்காதுன்னுதானே எறக்கினே? திரும்பி வர்றவன் அதை அவன் கையிலதான் விட்டுட்டுப் போவான். அவனுக்கு இனிமே அது வேண்டியிருக்காதுன்னு தெரிஞ்சவன்தான் புடுங்கிட்டுப் போவான். நீ வண்டியில ஏறும்போதே அவனைப் பொதைச்சுட்டே. அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு வருஷம் அதை வாசிச்சே. பழியை அவன்மேல போட்டே.” கூமூர் பக்கம் கை நீட்டினாள், அவனைப் பார்க்க அவளால் முடியவில்லை. “குதிரை பிடுங்கிக்கிட்டதும் குப்பையாட்டம் வித்துட்டே.”

அத்தாஹிர் மணலில் முட்டி போட்டான். “ஜந்தார்மைக் கூப்பிடு. எழுதித் தர்றேன். ஜெயிலுக்குப் போறேன்.”

“அவங்க வந்துக்கிட்டு இருக்காங்க. வரும்போதே சொல்லிவிட்டுட்டுத்தான் வந்தேன். யாரைப் புடிக்கணும்னு மட்டும்தான் சொல்லலை. அவங்க வர்றதுக்குள்ள எனக்கு ஒரு வேலை இருக்கு.”

அவள் பெண்கள் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள். அத்தாஹிருக்குப் புரிந்துவிட்டது. ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வருவான், ஊர் மறந்துவிடும். பெண்கள் இதைப் பாட்டாகக் கட்டித் தெண்டே அடித்துப் பாடினால் அது கூடாரம் கூடாரமாகப் போகும். ஹொக்கார் மலை முழுக்க, எல்லைக்கு அந்தப் பக்கமும் போகும். அவன் பேரன் கல்யாணத்திலும் எவளாவது அதைப் பாடுவாள்.

“கெல்லா, வேண்டாம்” என்றான். தங்கச்சி என்ற வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது. “கத்தியால குத்து. கல்லால அடி. பாட்டு மட்டும் வேண்டாம்.”

கெல்லா அவனைப் பார்க்கவில்லை. தஹாத்தைத்தான் பார்த்தாள். மத்தளம் அவள் முன்னால் இருந்தது. அவள் அடிக்காமல் பாட்டு எழும்பாது. முட்டி போட்டிருப்பவன் அவள் கூடப் பிறந்தவன், உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருப்பவள் அவள் பெற்றவள்.

“உன் இஷ்டம் தஹாத்” என்றாள் கெல்லா. “அவன் உனக்கு அண்ணன். நான் வற்புறுத்த மாட்டேன்.”

தஹாத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“எங்க அம்மா உனக்குத் தண்ணி குடுத்துதானே வளர்த்தா?” என்று கேட்டாள்.

பிறகு உள்ளங்கையை நனைத்து, தோலைத் தடவி, அடிக்க ஆரம்பித்தாள். கெல்லா பாட்டின் முதல் அடியை எடுத்தாள். முதல் வார்த்தையே அத்தாஹிரின் பெயர்.